திரும்பி வர எரிபொருள்

விண்வெளிச் சண்டைக்குக் குட்டி விமானம் எதற்கு என்று நான் வம்புக்கு இழுக்காத ஆள் எங்கள் தொழிற்சாலையில் இல்லை. இத்தனைக்கும் அந்தக் குட்டி விமானத்தைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. அதற்குக் குருவி என்று பெயர். உள்ளே ஒரே ஓர் ஆள் உட்காரலாம், அதுவும் முழங்கால் முகவாயில் இடிக்க. தாய்க்கப்பலின் வயிற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு குருவிகள் ஒன்றாகக் கிளம்பிப் போய், எதிரிக் கப்பலைக் கொத்திவிட்டுத் திரும்பி வர வேண்டும். சினிமாவில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

காற்றே இல்லாத இடத்தில் இதற்கு இறக்கை எதற்கு என்று ஒருமுறை மேலாளரிடமே கேட்டேன்.

"இறக்கை இல்லாத வண்டிய போஸ்டர்ல போட்டா எவன்மா வந்து பட்டாளத்துல சேருவான்? படத்துல பாத்த மாதிரி இருந்தாதான் பசங்க வருவாங்க."

"அப்ப அது இறக்கை இல்ல சார், மீசை," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு நல்ல மீசை.

இறக்கையைக்கூட மன்னித்துவிடலாம். என் ஆத்திரமெல்லாம் உள்ளே உட்காரும் ஆளைப் பற்றி. ஏவுகணையை விட்டால் அது போகும், முட்டும், கதை முடிந்தது. போவதற்கு மட்டும் எரிபொருள் இருந்தால் போதும். ஆளை வைத்து அனுப்பினால் போக ஒரு பங்கு, போன வேகத்தை நிறுத்த ஒரு பங்கு, திரும்பிக் கிளம்ப ஒரு பங்கு, வீட்டு வாசலில் வந்து நிற்க இன்னொரு பங்கு வேண்டும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு எரிபொருள் தீர்ந்தால் ஓரமாக நின்றுவிடும், இறங்கி நடக்கலாம். அங்கே நிற்காது. போன திசையில் போன வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிறவனுக்குக் காற்று இருக்கும் வரை அவனும் போய்க்கொண்டிருப்பான்.

பிறகு ஏன் ஆளை அனுப்புகிறார்கள்? எந்த யந்திரமும் தானாக முடிவெடுத்து மனிதரைக் கொல்லக் கூடாது என்று எல்லா நாடுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து ஓட்டலாம் என்றால் எதிரி ரேடியோவைக் குழப்பிவிடுகிறான். ஆகவே சுடுகிற பொத்தானை அமுக்க ஒரு விரல் அங்கே போயாக வேண்டும். அந்த விரலோடு மிச்ச உடம்பும் போகிறது.

அப்படிப் போன உடம்புகளில் ஒன்று என் தம்பி.

நான் தொழிற்சாலையில் எடைப் பிரிவில் இருக்கிறேன். குருவிக்குள் போகிற ஒவ்வொரு திருகாணியும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லாரும் என்னைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. பல வருஷம் அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மிச்சம் பிடித்ததை வெளியே காட்டாதே. இருக்கைக்காரர்கள் ஒரு கிலோ குறைத்தார்கள் என்று தெரிந்தால் மறுநாளே அதைத் துப்பாக்கிக்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் எல்லாப் பிரிவும் ஒன்றிரண்டு கிலோவை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது நான். படிப்பு முடித்ததும் குருவி ஓட்டப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். மேலே சொன்ன நாலு பங்குக் கணக்கையும் அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீரைத் தொட்டு எழுதிக் காட்டினேன். "நீ பேசினா எல்லாமே சரியாதான்க்கா இருக்கு," என்றான். போய்ச் சேர்ந்துவிட்டான். போஸ்டர் வேலை செய்தது.

முதல் விடுமுறையில் வந்தபோது அவன் அளந்த கதையில்தான் எனக்குப் பயம் பிடித்தது. குருவியில் 'விமான ஓட்டு' என்று ஒரு விசை உண்டு. அதைப் போட்டால் வண்டி நிஜ விமானம் மாதிரியே பறக்கும். மூக்கைத் திருப்பினால் அந்தப் பக்கம் வளைந்து போகும். பையன்களுக்குப் பழக்குவது சுலபம் என்று மேலிடம் கேட்டு வாங்கிய வசதி. ஆனால் அங்கே வளைவதற்குக் காற்று ஏது? எண்ணெய் கொட்டிய தரையில் வழுக்கிக்கொண்டு போகிறவன் முகத்தை மட்டும் திருப்பினால் போகிற திசை மாறுமா? மாறாது. அதை மாற்றுவதற்காக யந்திரம் பக்கவாட்டில் எரிபொருளைக் கொட்டுகிறது. ஓட்டுகிறவனுக்குத் தெரிவதுகூட இல்லை.

"நீங்க எல்லாரும் அதைப் போட்டுட்டா ஓட்டறீங்க?"

"பின்ன? அது இல்லாம ஓட்டறது பரிசல் ஓட்டற மாதிரிக்கா. மூஞ்சி ஒரு பக்கம் போகுது, வண்டி ஒரு பக்கம் போகுது."

"பரிசல்ல போறவன் கரை சேர மாட்டானா? திரும்பி வர்ற எரிபொருளத்தான்டா அதுல கொட்டறீங்க."

அவன் சிரித்து மழுப்பினான். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், ஊரே தெளிவாகப் பார்க்க ஏற்பாடு பண்ணிவிட்டு இந்த மாங்கொட்டையைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அன்று அவன் குளிக்கப் போனதும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நீங்க திட்டினா கேப்பாரு. பதக்கம், பேரு, ஒண்ணும் எனக்கு வேணாம். திரும்பி வர்ற மாதிரி ஓட்டக் கத்துக்குடுத்துடுங்க. அது போதும்."

எனக்கும் அதுதான் வேண்டும். வேறெதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

விடுமுறை முழுக்க அவனைத் தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோதனை அறையில் பழைய குருவியின் முன்பாதி ஒன்று உண்டு, மூன்று பக்கமும் திரை. கட்டுப்பாடுகளைச் சரிபார்க்க வைத்திருப்பது. சோதனைப் பிரிவில் எனக்குக் கடன்பட்டவர்கள் நிறைய, அவர்கள் ஒளித்த கிலோவெல்லாம் எனக்குத் தெரியும், அதனால் சாவி கிடைத்தது. விமான ஓட்டை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். முதல் நாள் வாந்தி எடுத்தான். மூக்கு எதிரியைப் பார்க்க, வண்டி பக்கவாட்டில் நழுவ, அவன் கை தானாக இழுத்து வளைக்கப் பார்த்தது.

"இழுக்காதே! போறது போகட்டும். நீ திரும்பி மட்டும் பாரு, சுடு, சும்மா இரு."

"சும்மா இருக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமாக்கா?"

"உனக்கா? வீட்ல அதத்தானடா செய்யறே?"

விடுமுறை முடிவதற்குள் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மிதந்துகொண்டே பின்பக்கமாகத் திரும்பிச் சுட்டான். டேங்க்கில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. என் தம்பிதானா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பெருமையாக இருந்தது, அவனிடம் சொல்லவில்லை.

கப்பலுக்குப் போனதும் அவனுக்குப் 'பரிசல்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். முதல் சண்டை வரைக்கும் கேலி நடந்தது. அந்தச் சண்டையில் இரண்டு பேர் சுடப்படாமலேயே போனார்கள். திரும்பக் கிளம்ப எரிபொருள் இல்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் டேங்க்கைச் சுரண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். என் தம்பி மட்டும் எரிபொருள் தளும்ப வந்து இறங்கினான். செய்தி வந்த அன்று நானும் அவன் பெண்டாட்டியும் சமையலறையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தோம். அந்த இரண்டு பேருடைய வீட்டைப் பற்றி எங்களுக்கு அப்போது நினைப்பே வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் அவனிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். எல்லாருமே பரிசல் ஓட்டினார்கள். எல்லார் டேங்க்கிலும் மிச்சம் இருக்கத் தொடங்கியது.

அங்கேதான் வினை வந்தது. மிச்சம் இருக்கிறது என்று தெரிந்த உடனே தளபதிக்குக் கை அரித்தது. முன்பெல்லாம் ஒரு கொத்து, பிறகு வீடு. இப்போது முதல் கொத்து முடிந்ததும் ரேடியோ தெளிகிற இடத்துக்கு எல்லாரையும் வரச்சொல்லி, "மிச்சம் இருக்கா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பாராம். இருக்கு என்றவனுக்கு இரண்டாவது குறி. இரண்டாவதுக்குப் போனவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். எங்கள் எடைப் பிரிவில் நடக்கிற அதே அநியாயம். அங்கே ஒரு கிலோவைப் பிடுங்குவார்கள், இங்கே ஆளையே பிடுங்குகிறார்கள்.

தம்பி இரண்டு தடவை இரண்டாவது குறிக்குப் போய்த் தப்பி வந்திருந்தான். அடுத்த விடுமுறையில் வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவன் பெண்டாட்டி கடைக்குக் கிளம்பிப் போனாள். நான் பாத்திரம் கழுவ, அவன் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினான். கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

"மிச்சம் எவ்ளோன்னு எப்படிரா சொல்றீங்க? எடையில்லாத இடத்துல டேங்க்ல எரிபொருள் உருண்டை உருண்டையா மிதந்துக்கிட்டு இருக்குமே. முள்ளு தப்பாதானே காட்டும்?"

"ஆமா. அதனால கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டுவோம். சின்னதா ஒரு தள்ளு. எரிபொருள் எல்லாம் அடியில வந்து உக்காரும். அப்ப முள்ளப் பாத்து வாயால சொல்லணும். புதுசா வந்தவன்லேர்ந்து ஆரம்பிப்பாங்க, பெரியவன் கடைசி. பெரியவன் சொல்றதப் பாத்துச் சின்னவன் பயப்படக் கூடாதுன்னு."

குழாயை மூடினேன். "அப்ப கம்மியாத் தட்டு."

அவன் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"மெதுவா, தட்டியும் தட்டாம ஒரு தட்டு," என்றேன். "பாதி உக்காரும், பாதி மிதக்கும். முள்ளே கீழதான் நிக்கும். நீ பொய் சொல்ல வேணாம். முள்ளு சொல்றதச் சொல்லு. வண்டியோட பதிவப் போட்டுப் பாத்தாலும் ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. அந்த டேங்க்க எடைபோட்டு அனுப்பினவ நான், எனக்குத் தெரியும்."

அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான், அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"நான் இல்லன்னு சொன்னா வேற ஒருத்தன் போவான்க்கா. குட்டை போவான்."

குட்டை என்பவன் அவன் அறையில் மேல்படுக்கையில் தூங்குகிறவன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மற்றவர் பிஸ்கட்டைத் திருடித் தின்பான், தூக்கத்தில் பாடுவான் என்று தம்பி எழுதும்போதெல்லாம் அவனைப் பற்றி ஒரு வரி இருக்கும். உருவம் சின்னது, குருவிக்குள் முழங்கால் இடிக்காத ஒரே ஆள் அவன்தானாம்.

"போகட்டும்," என்றேன்.

"அக்கா."

"போகட்டும்டா. எனக்குக் குட்டையத் தெரியாது. உன்னத்தான் தெரியும். அவனுக்கும் வீட்ல யாராவது இருந்தா அவங்க சொல்லிக் குடுக்கட்டும். நீ திரும்பி வரணும். உன் பொண்டாட்டிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

குழாயைத் திறந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அவன் தட்டை அடுக்கில் வைத்தான். பிறகு, எதையோ விலை கேட்கிற மாதிரி, "எவ்ளோ மெதுவா?" என்று கேட்டான்.

விரலால் மேசையில் தட்டிக் காட்டினேன். அவனும் தட்டினான். "இன்னும் மெதுவா," என்றேன். சரியாக வரும் வரைக்கும் இரண்டு பேரும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தோம். அவன் கிளம்பிப் போன அன்று நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். இனி எங்கள் வீட்டுக் கணக்கு தனி, கப்பல் கணக்கு தனி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சண்டையில் அவனை இரண்டாவது குறிக்கு அனுப்பவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவன் பெண்டாட்டிக்குக் காரணம் தெரியாது. "நேரம் நல்லா இருக்கு அண்ணி," என்றாள். கொஞ்சம் சதைகூடப் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சண்டையில் அவன் திரும்பவில்லை.

செய்தி சொல்ல வந்தவர் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டார். அவள் ஒரு வாடிக்கையாளரின் முகத்தில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தாளாம். கேட்டுவிட்டு, அந்த ஆளுக்கு இரண்டு காதுப் பக்கமும் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தாள் என்று கடைக்காரர் சொன்னார். எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: இரண்டாவது குறிக்குப் போனார், குறியை அடித்தார், திரும்ப எரிபொருள் இல்லை.

என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாவது குறிக்கு ஏன் போனான்? முள்ளு கீழே நிற்கத்தானே சொல்லிக் கொடுத்தேன்? தட்டும்போது கை அழுத்திவிட்டதோ, டேங்க்கில் ஏதாவது கோளாறோ, நான் சொன்னதில்தான் பிசகோ என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். தொழிற்சாலையில் அவன் குருவியின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ராப்பகலாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. மேலாளர் வந்து தோளைத் தொட்டு, "போஸ்டர்ல உங்க தம்பி படத்தப் போடப் போறாங்கம்மா," என்றார். கையிலிருந்த அளவுகோலை அவர் மேல் எறிந்தேன். அவர் குனிந்து அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவன் வந்து நின்றான். சீருடை தொளதொளவென்று இருந்தது. பெயரைச் சொன்னான், யாரென்று எங்களுக்குப் புரியவில்லை. உருவத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"குட்டையா?"

"ஆமாங்க்கா."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். என் தம்பி பெண்டாட்டி டீ போட்டுக் கொடுத்தாள், பக்கத்தில் பிஸ்கட் வைத்தாள். அவன் பிஸ்கட்டைத் தொடவில்லை. போகட்டும் என்று நான் சொன்ன பிள்ளை முழுசாக என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறுப்பாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, கழுத்தை நெரிக்கலாம் போலத்தான் இருந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று அவள்தான் கேட்டாள்.

"முதல் கொத்து முடிஞ்சுது. எதிரிக் கப்பல் ஒண்ணு தப்பி எங்க தாய்க்கப்பல் பக்கமாப் போச்சு. தளபதி எல்லாரையும் கேட்டாரு, மிச்சம் இருக்கான்னு. நான்தான் முதல். இல்லன்னு சொன்னேன். அடுத்தவன் இல்லன்னான். வரிசையா எல்லாரும் இல்லன்னு சொல்லிட்டோம். எல்லார் டேங்க்லயும் இருந்துச்சு. திரும்பி வர்றதுக்கு மேலயே இருந்துச்சு. எல்லாருமே மெதுவாத்தான் தட்டினோம்."

"மெதுவான்னா?" என்றாள் அவள். அவன் அதைக் கேட்கவில்லை, பேசிக்கொண்டே போனான்.

"இப்ப எங்கள்ல பெரியவரு அண்ணன்தான், அதனால அவருதான் கடைசி. அவரும் இல்லன்னா கப்பல் போயிடும். உள்ள சமையல்காரங்க, மெக்கானிக்குங்க, எல்லாரும் இருக்காங்க. எங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் சொன்னோம். யாராவது ஒருத்தர் இருக்குன்னு சொல்லிடுவாங்கன்னு ஒவ்வொருத்தனும் நினைச்சோம். அவரு நல்லாத் தட்டினாரு. பக்கத்துல இருந்து பாத்தேன், பின்னாடி நெருப்பு நீளமா வந்துச்சு. 'இருக்கு சார்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு." அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அடிச்சதும் ரேடியோல வந்தாரு. வண்டி நேராப் போய்க்கிட்டே இருக்குன்னாரு. கேக்கற வரைக்கும் பேசிட்டே இருந்தோம். என்னப் பாடச் சொன்னாரு. பாடினேன்."

பிறகு அவன் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினான்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன்க்கா. மெதுவாத் தட்டறத அண்ணன் எங்க எல்லாருக்கும் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாரு. எங்கக்கா கண்டுபிடிச்சதுன்னு பெருமையாச் சொல்லுவாரு. உங்களாலதான் நாங்க எல்லாரும் உயிரோட இருக்கோம்."

அவளுக்கு எல்லாம் விளங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட் தட்டை எடுத்தாள், திரும்ப வைத்தாள். குரல் கத்தவில்லை, ரொம்ப மெதுவாகத்தான் வந்தது.

"இத ஏன் அண்ணி ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க? அவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே."

"அவனுக்கு மட்டும்தாம்மா சொன்னேன்," என்றேன்.